கீழக்கரை பழைய காசு கடை, ஒரு வருஷமா வாங்குன அனுபவம்

பழைய காசு சேக்கணும்னு ஆசை இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னு நம்ம பக்கத்துல நெறைய பேர் சொல்றாங்க, அவங்களுக்காகத்தான் இது. கீழக்கரையில ஒரு சின்ன கடை, வெளிய பாத்தா வாட்ச் ரிப்பேர் கடைதான், போர்டெல்லாம் இல்ல, உள்ள கண்ணாடிப் பெட்டியில வரிசையா காசு இருக்கும்.

நான் முதல்ல போனது விக்கத்தான். ராமேஸ்வரத்துல ரோட்டோரம் ஒருத்தர்ட்ட ராமர் பட்டாபிஷேகம் போட்ட ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஓரணா, 1818ன்னு 1200 ரூபா குடுத்து வாங்கி வச்சிருந்தேன். காக்கா (கடைக்காரர நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம், அண்ணன்னு அர்த்தம்) அத லென்ஸ்ல கூட பாக்கல. "தம்பி, ஓரணா காசே எட்வர்ட் ராஜா காலத்துலதான் வந்துச்சு, 1818ல ஏது? இது சாமி ரூம்ல வைக்கிற டோக்கன்"னாரு. மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு. ஆனா அன்னைக்கு அவரு எனக்கு எதையும் விக்கல, உக்காரவச்சு ஒரு மணி நேரம் சொல்லித்தான் குடுத்தாரு, அதுக்காகவே இந்தக் கடைக்கு அஞ்சு ஸ்டார்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு அவரு குடுக்குறது 1943லருந்து 47 வரைக்கும் வந்த ஓட்டைக் காலணா, 1957க்கு அப்புறம் வந்த நயா பைசா, தாமரை போட்ட 20 பைசா இந்த மாதிரிதான், எல்லாம் கம்மி விலை. காசு எந்த ஊர்ல அடிச்சதுன்னு கண்டுபிடிக்க, வருஷத்துக்குக் கீழ வைரம் இருந்தா பம்பாய், ஸ்டார்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தான்னு பாக்கப் பழக்கிவிட்டாரு. (பம்பாய்லயும் சில காலம் புள்ளி வந்திருக்கு, நொய்டா வர்றதுக்கு முன்னாடி, அதனால வருஷத்தையும் சேத்துப் பாருங்க.) இப்ப கடையில மிச்சம் வாங்குனா கூட காசைத் திருப்பிப் பாக்காம பைல போட மாட்டேன்.

வெள்ளி ரூபா வாங்குனா நம்ம கண்ணு முன்னாடியே தராசுல வைக்கிறாரு. ஜார்ஜ் ராஜா 1918 ரூபா 11.66 கிராம் இருக்கணும், அதுல நூத்துக்கு 91 பங்குக்கு மேல வெள்ளி. 1940லருந்து வந்ததுல வெள்ளி பாதிதான், 1947 ரூபா வெறும் நிக்கல், காந்தத்துல ஒட்டிக்கும். இது தெரியாம மூணுக்கும் ஒரே விலை குடுத்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

முதலீடுன்னு கேக்குறவங்களுக்கு, வெள்ளி ரூபான்னா வெள்ளி விலையாவது மிஞ்சும், மத்ததெல்லாம் பல வருஷம் காத்திருக்கணும், விக்கப் போறப்ப கடைக்காரங்க கம்மியாத்தான் எடுப்பாங்க. வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்கன்னு போன் வந்தா கட் பண்ணிருங்க, இந்த மாதிரி ஏமாத்துறாங்கன்னு 2021லயே ரிசர்வ் வங்கி எச்சரிச்சிருக்கு.

நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சனை இருக்கு, உப்புக் காத்து. செப்புக்காசுல பச்சையா களிம்பு ஏறிரும். அதுக்காக புளி போட்டுத் தேய்ச்சீங்கன்னா காசு பளபளன்னு வரும், மதிப்பு போயிரும், எங்க பாட்டி வச்சிருந்த சிலோன் சதம் ரெண்ட நானே அப்படித்தான் கெடுத்தேன், தமிழ்லயும் எழுதியிருக்கும் அதுல, தாத்தா தனுஷ்கோடியில கப்பல் ஏறி தலைமன்னார் போயிட்டு வந்த காலத்துக் காசு. இப்ப அட்டை ஹோல்டர்ல போட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல வைக்கிறேன். காக்கா கடையில எனக்குப் புடிக்காத ஒரே விஷயமும் இதுலதான், அவரு விக்கிற ஆல்பம் மட்டமான பிவிசி பிளாஸ்டிக், ஆறு மாசத்துல காசுல பிசுபிசுன்னு ஒட்டிருச்சு. ஆல்பத்த மட்டும் வெளிய வாங்குங்க. பில்லும் கேட்டாத்தான் தர்றாரு, கேட்டு வாங்கிருங்க.

நந்தி படுத்திருக்க, கீழ 'சேது'ன்னு தமிழ்ல எழுதுன யாழ்ப்பாண ராஜாக்கள் காசு ஒண்ணு அவர்ட்ட இருக்கு. விக்க மாட்டேங்குறாரு, கையில குடுத்துப் பாக்க மட்டும் விடுவாரு. மண்ணுல பொதைஞ்சு கெடந்த காசுன்னு யாராவது கொண்டுவந்தா வாங்குறதே இல்ல, பத்து ரூபா மதிப்புக்கு மேல இருந்தா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878லருந்தே சட்டம் இருக்குன்னு சொல்லி அனுப்பிருவாரு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை பூட்டியிருக்கும், சாயங்காலம் போங்க.