முறைவைத்து நடத்துவதா, ஒருவரே நடத்துவதா?

ஆசிரியர் இல்லாமல் ஒன்றுகூடிப் புதிய திறன் கற்க விரும்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அமர்வுகளை உறுப்பினர்கள் முறைவைத்து நடத்துவதா, ஒருவரே தொடர்ந்து நடத்துவதா என்பதுதான்.

முறைவைத்து நடத்தும் வழக்கம் பழையது. 1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் தொடங்கிய ஜுன்டோ குழு வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியது; உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது விவாதத்திற்குரிய கேள்விகளைக் கொண்டுவர வேண்டும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும் என்பது விதி. இம்முறையில் பெரும்பயன் அடைபவர் நடத்துபவரே. பிறருக்கு விளக்கத் தயாராகும்போதுதான், புரிந்துவிட்டதாக நாம் எண்ணியிருந்த பகுதிகளில் உள்ள இடைவெளிகள் நமக்கே தென்படுகின்றன. இதற்கு ஈடான பயிற்சி வேறில்லை என்றே கருதுகிறேன். ஆனால் ஒருவர் தயாரிப்பின்றி வந்தால் அன்றைய அமர்வு அனைவருக்கும் வீணாகிறது. நிரலாக்கம் போல ஒரு பாடத்தின்மேல் அடுத்த பாடம் நிற்கும் துறைகளில், அந்த இழப்பு பின்வரும் வாரங்களையும் பாதிக்கிறது.

ஒருவரே நடத்தினால் தொடர்ச்சி காக்கப்படுகிறது. ஸ்வீடனில் சிலர் ஒன்றுகூடித் தாமே கற்கும் சிறு குழுக்களான படிப்பு வட்டங்களில், வட்டத்தை வழிநடத்துபவர் ஆசிரியராக அன்றி, சமமானவர்களுள் ஒருவராகவே கருதப்படுகிறார். அந்த எல்லை மறக்கப்பட்டால் மற்றவர்கள் வெறும் கேட்போராகிவிடுவர். அவர் விலகும் நாளில் குழுவும் கலைந்துவிடும்.

உரையாடலே பயிற்சியாகும் மொழி கற்றலுக்கு முதல் நாளிலிருந்தே முறைவைத்தல் பொருந்தும். அடிப்படையே தெரியாத துறையிலோ, முதற்சில வாரங்கள் ஒருவர் பொறுப்பேற்று, பிறகு அப்பொறுப்பைச் சுற்றுக்கு விடுவதையே பரிந்துரைப்பேன்.