லாங்ஆர்ம் மெஷினை அப்கிரேட் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

குவில்ட், அதாவது மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கிற போர்வை, தைக்கும் லாங்ஆர்ம் மெஷின் வைத்திருப்பவர்களுக்காக, முக்கியமாக இன்னொருவர் ஓட்டிய பழைய மெஷினை வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தையல் இன்னும் வழுவழுவென்று விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு டெக்னீஷியனிடம் என் மெஷினை ஒப்படைத்தேன். ஐந்து வாரம் வைத்திருந்துவிட்டு, கொடுத்ததைவிட மோசமாக்கித் திருப்பிக் கொடுத்தார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர் ஒருவர் மாதக்கணக்கில் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுச் சேர்த்த மேல்துணியை நான் பாழாக்கினேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் மெஷின் ஓடுகிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணத் தையல் மெஷினில் துணி நகரும். லாங்ஆர்மில் துணி ஃப்ரேமில் அப்படியே நிற்கும், மெஷினின் தலைதான் நகரும். அது பக்கவாட்டில் ஓட ஒரு ஜோடி ரெயில், முன்னும் பின்னும் ஓட இன்னொரு ஜோடி. ஒவ்வொரு திசைக்கும் ஒரு என்கோடர் உண்டு. ரெயிலைத் தொட்டபடி உருளும் அதன் சின்னச் சக்கரம், தலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஸ்டிச் ரெகுலேட்டர் மோட்டாரைக் கூட்டிக் குறைத்து, அங்குலத்துக்கு 10 தையல் என்றால் 10 தையல் போடுகிறது. கணக்கு தப்பினால் தையலும் தப்பும்.

எனக்கு இருந்த குறை இதுதான். முன்பின்னாக ஓட்டினால் தையல் சீராக விழும். பக்கவாட்டில் போகும்போது மட்டும் நடுநடுவே ஒரு தையல் திடீரென்று நீண்டுவிடும். அப்புறம் தலையை இடமிருந்து வலமாகத் தள்ளுவது கொஞ்சம் கனமாக இருந்தது. அவ்வளவுதான். தையல் விடவில்லை, நூல் அறவில்லை, நூலின் இறுக்கம், அதாவது டென்ஷன், பிரமாதமாக இருந்தது.

வந்தவர் தலையைக் கையால் இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை, ஒரு அங்குலம் தைத்துப் பார்க்கவில்லை. “சக்கரம் எல்லாம் தேய்ந்துபோச்சு மேடம், என்கோடரும் பழைய மாடல். எல்லாத்தையும் மாத்தி டைமிங்கும் புதுசா வெச்சுக் கொடுத்துடறேன், வெண்ணெய் மாதிரி ஓடும்” என்றார். டைமிங்கில், அதாவது ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கிற ஹூக்கும் சந்திக்கிற நேரத்தில், குறை இருப்பதாக நான் சொல்லவே இல்லையே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு தலையையும், அதைத் தாங்கி ரெயிலில் ஓடும் சக்கரத் தட்டான கேரேஜையும் எடுத்துப் போனார்.

திரும்பி வந்த அன்று தலையைத் தள்ளிப் பார்த்தேன். விரல் பட்டால் ஓடியது. நானும் மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மோட்டார் நின்றிருக்கும்போது கையால் தள்ளிப் பார்ப்பது ஒரு சோதனையே இல்லை. மூன்று அடுக்குத் துணியையும் ஏற்றி, நூல் கோத்து, எல்லாத் திசையிலும் தைத்தால்தான் எதுவும் தெரியும். அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

மறுநாள் வாடிக்கையாளரின் துணியை ஏற்றினேன். ஓரத்தில் நேர்கோடுகள் போட்டபோது பெரிதாகத் தெரியவில்லை. நடுவில் வட்டங்கள் போட ஆரம்பித்ததும் தெரிந்தது. வட்டத்தின் இடது, வலது ஓரங்களில் தையல் சரியான அளவில் இருக்கிறது. உச்சியிலும் அடியிலும் எறும்பு வரிசை மாதிரி நெருங்கிக் கிடக்கிறது. ஒரு வட்டம் இல்லை, போட்ட அத்தனை வட்டமும் அப்படி. அதோடு ஒரு திசையில் போகும்போது மட்டும் தையல் விட ஆரம்பித்தது. பிறகு நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்தது.

டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். “புது பார்ட்ஸ், செட்டாக நாலு நாள் ஆகும். டென்ஷனைக் குறைச்சுப் பாருங்க” என்றார். குறைத்தேன். அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அடுத்த வாரத்திலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

பல வருடமாக இந்த மெஷின்களைப் பழுது பார்க்கும் வேறொருவர் வந்தார். ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் அவர் செய்ததைச் சொல்கிறேன், இதை நீங்களே வீட்டில் செய்யலாம். வெறும் துணியும் பஞ்சும் ஏற்றி, அங்குலத்துக்கு 10 என்று வைத்து, பக்கவாட்டில் 10 அங்குலம், முன்பின்னாக 10 அங்குலம் தைக்கச் சொன்னார். பிறகு ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முன்பின்னாக 100. பக்கவாட்டில் 130. வேறு இடத்தில் தைத்தாலும் அதே 130. “சக்கரம் வழுக்கினால் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். இது எங்கே தைத்தாலும் ஒரே மாதிரி தப்புகிறது என்றால் என்கோடரே இந்த மெஷினுக்கு உரியது இல்லை” என்றார். உண்மைதான். வேறு மாடலின் என்கோடரை மாட்டியிருந்தார்கள். அதன் சக்கரம் சிறியது. ஒரே தூரத்துக்குக் கூடுதல் சுற்றுச் சுற்றி, அதிக தூரம் போனதாக மெஷினை நம்ப வைத்திருக்கிறது. சில மெஷின்களில் இந்தக் கணக்கைத் திரையிலேயே திருத்தலாம். என்னுடையதில் அந்த வசதி இல்லை.

அப்புறம் சக்கரங்கள். கேரேஜின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு தாளைச் செருகினார். மூன்றில் தாள் நுழையவில்லை. நான்காவதில் சர்ரென்று போய் மறுபக்கம் வந்தது. புதுச் சக்கரங்களில் ஒன்று ரெயிலைத் தொடவே இல்லை! மூன்று காலில் நிற்கிற நாற்காலி மாதிரி தலை லேசாக ஆடிக்கொண்டே தைத்திருக்கிறது.

ஃப்ரேமின் மேல் ரசமட்டத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்தார். நடுப்பகுதி இறங்கியிருந்தது. தலையை ஓரத்தில் நிறுத்திக் கையை எடுத்ததும் அது தானாகவே நடுவை நோக்கி உருண்டு போனதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆரம்பத்தில் நான் சொன்ன கனம் இதுதான், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது மேட்டில் ஏற்றுகிற கனம். ஃப்ரேமின் கால் போல்ட்டுகளைத் திருகி மட்டம் சரி செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சக்கரமே மாற்ற வேண்டியிருக்கவில்லை. நடுநடுவே நீண்ட தையலுக்கும், பழைய என்கோடர் சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்து, பஞ்சு படிந்த ரெயிலில் வழுக்கியதே காரணமாக இருக்க வேண்டும் என்றார். விரல் மோதிரம் அளவுள்ள ஒரு வளையம். அந்தப் பழைய பாகங்களைக் கேட்டபோது, தூக்கிப் போட்டுவிட்டதாக முதல் டெக்னீஷியன் என்னிடம் சொல்லியிருந்தார்.

டைமிங்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது, ஏனென்றால் அது நன்றாக இருந்த ஒன்று. ஊசி அடிவரை இறங்கி மேலே ஏற ஆரம்பிக்கும் நேரத்தில், ஹூக்கின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே இருக்கும் பள்ளத்தை ஒட்டி வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். ஊசியை இடிக்கக் கூடாது, ஆனால் தொடுகிற மாதிரி நெருக்கமாகப் போக வேண்டும். என் மெஷினில் அந்த இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. லாங்ஆர்மில் தலை நகர நகர ஊசி சற்று வளையும். வளைவு ஹூக்கை விட்டு விலகிப் போகிற திசையில் அந்த இடைவெளி இன்னும் அகலும், தையல் விடும். ஒரு திசையில் மட்டும் விட்டது அதனால்தான். ஹூக் முனையில் நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டியது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய பிசிறு அது. டென்ஷனை எவ்வளவு குறைத்தாலும் நூல் அங்கே அறுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இனி யாரிடம் மெஷினைக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் நான்கு திசையிலும் ஒரு வட்டமும் தைத்து அந்தத் துணியைத் தேதி போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே ஊசி, அதே நூலில் அதே சோதனையை அவர் கண் முன்னால் செய்யுங்கள். அதுவரை பாதிப் பணத்துக்கு மேல் தர வேண்டாம். கழற்றின பாகம் உங்கள் சொத்து, வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டாவதாக வந்தவர், நான் கேட்கும் முன்பே சிராய்ந்த ஹூக்கைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

அந்த மேல்துணியில் போட்ட வட்டங்களை இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தேன். வெளிர்நிறப் பருத்தித் துண்டுகளில் ஊசித் துளைகள் தண்ணீர் தெளித்ததும் மூடிக்கொண்டன. நெருக்கமாக நெய்த கருநீலத் துண்டுகளில் மூடவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரிகிறது. அதை வாடிக்கையாளரிடம் காட்டி, நடந்ததைச் சொல்லி, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். இப்போது மெஷினுக்கு உரிய என்கோடரும் புது ஹூக்கும் மாட்டியாகிவிட்டது. நேற்றுத் தைத்த சோதனைத் துணியை ஃப்ரேம் ஓரத்தில் குத்தி வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் 100, முன்பின்னாக 100.