ஃபுளோரன்ஸில் மிஞ்சும் ஒரு நாள்: மைக்கலாஞ்சலோவா, மோட்டார் சைக்கிளா?

ஃபுளோரன்ஸில் மூன்று நாள் தங்குபவர்களுக்கு மூன்றாம் நாள்தான் தகராறு. முதல் நாள் பெரிய தேவாலயத்துக்குப் போய்விடும், இரண்டாம் நாள் உஃபிசி கலைக்கூடத்துக்கு. அதன் பிறகு வீட்டில் ஒருவர் இன்னும் ஓவியம் பார்க்க வேண்டும் என்பார். இன்னொருவர், பெரும்பாலும் ஓடாத பழைய வண்டியை விற்க மனமில்லாமல் மூடி வைத்திருப்பவர், ரயிலேறி டுகாட்டி தொழிற்சாலைக்குப் போகலாம் என்பார். நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன்.

முதலில் ஓவியக் கட்சி. உஃபிசி என்றால் அலுவலகங்கள் என்று பொருள். ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்து முதலாம் கோசிமோவின் அரசு அலுவல்களுக்காகக் கட்டடக் கலைஞர் வசாரி 1560இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. மெடிசி குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா 1737இல் செய்த ஒப்பந்தம் மட்டும் இல்லையென்றால், உள்ளே இருப்பதெல்லாம் எந்தெந்த அரண்மனைகளுக்குப் போயிருக்குமோ. கலைச் செல்வம் நகரை விட்டு வெளியேறக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

பொட்டிசெல்லியின் வீனஸ் முன்னால் கூட்டம் முண்டியடிக்கும். நான் அதிக நேரம் நிற்பது வேறோர் ஓவியத்தின் முன்னால்: வெரோக்கியோவின் ‘கிறிஸ்துவின் ஞானஸ்நானம்’. அதில் இடது ஓரத்தில் மண்டியிட்டிருக்கும் தேவதூதனை வரைந்தது பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளம் லியோனார்டோ. அதே வெரோக்கியோ பட்டறைதான் தேவாலயக் குவிமாடத்தின் உச்சியில் முதன்முதலில் வைத்த செப்புக் கோளத்தையும் செய்தது. 1471இல் அதை மேலே ஏற்றினார்கள். தேவதூதனின் சுருள்முடியும் கோளத்தின் பற்றவைப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலைகள். ஓவியமா எந்திரமா என்று நாம் போடும் சண்டை அந்தப் பட்டறைக்குப் புரிந்திருக்காது.

ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் உஃபிசியில் கண் வேலை செய்வதில்லை. பன்னிரண்டாவது மடோனா ஓவியத்துக்கும் (குழந்தை இயேசுவோடு மேரி) பதின்மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். மறுநாளும் போவது பணத்துக்கும் காலுக்கும் கேடு. நகரின் இன்னொரு கலைக்கூடமான அகாடெமியாவில் டேவிட் சிலை இருக்கிறது, 5.17 மீட்டர் உயரம். மற்றவர்கள் தொட்டுப் பாதியில் கைவிட்ட சலவைக்கல்லில் மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கியது. பார்த்தே ஆக வேண்டும். ஆனால் வழியில் நிற்கும் அவருடைய முடிவுபெறாத ‘கைதிகள்’ சிலைகளைத் தாண்டி ஓடாதீர்கள். உளித் தடம் அவற்றில்தான் தெரியும்.

வண்டிப் பிரியரைச் சமாதானப்படுத்த ஃபுளோரன்ஸிலேயே ஓர் இடம் உண்டு: தேவாலயத்தின் பின்புறம் இருக்கும் ஓபெரா டெல் துவோமோ அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420க்கும் 1436க்கும் இடையில் அந்தக் குவிமாடத்தைத் தரையிலிருந்து சாரம் கட்டித் தாங்காமலே எழுப்பினார். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். அந்தக் கால கப்பிகளும் கருவிகளும் இங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு 463 படிகள் ஏறினால், உஃபிசியில் கொட்டாவி விட்டவர்கூட வாய் ஓயாமல் பேசுவார்.

இனி எஞ்சின் கட்சி. டுகாட்டி ஆலை இருக்கும் போர்கோ பனிகாலே, பொலோன்யா நகரின் புறப்பகுதி. ஃபுளோரன்ஸிலிருந்து பொலோன்யாவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. டுகாட்டி 1926இல் தொடங்கியபோது வண்டி செய்யவில்லை, வானொலிப் பாகங்கள் செய்தது. 1944 அக்டோபரில் குண்டுவீச்சில் ஆலை தரைமட்டமானது. போருக்குப் பிறகு சைக்கிளில் மாட்டி ஓட்டும் ‘குச்சோலோ’ என்ற சிறு எஞ்சினால்தான் பிழைத்தது. குச்சோலோ என்றால் நாய்க்குட்டி. இன்று பந்தயத் தடத்தில் உறுமும் கம்பெனிக்கு அது சரியான தொடக்கம்தான்.

1954இல் டுகாட்டிக்கு வந்து சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தாலியோனிதான் இந்தக் கதையின் நாயகர். சாதாரண எஞ்சினில் கேம் எனும் சுழலும் மேடு வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். வேகம் மிகும்போது ஸ்பிரிங் பின்தங்கிவிடும். திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்று அவர் அமைத்த ‘டெஸ்மோ’ முறை டுகாட்டியின் அடையாளம் ஆயிற்று. சர்வீஸ் பில் வரும்போது உரிமையாளர்கள் தாலியோனியை எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பது தனிக் கதை. அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, ஆனால் உயிர் இருப்பது தொழிற்சாலைச் சுற்றில்தான். அதற்கு முன்பதிவு வேண்டும், உள்ளே படம் எடுக்க முடியாது. ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். ஆள் வேலை செய்யாத ஆலையைப் பார்க்க அவ்வளவு தூரம் போவது வீண்.

வண்டி ஓட்டாதவரை அங்கே இழுத்துப் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாச் சிவப்பு வண்டியும் ஒன்றுபோலத் தெரியும். பதின்மூன்றாவது மடோனாவின் கதைதான்.

குடும்பத்தோடு போனால் என் வாக்கு பொண்டெடேராவுக்கு. ஃபுளோரன்ஸிலிருந்து பைசா போகும் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நிலையத்திலிருந்து நடந்தே பியாஜியோ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெஸ்பா ஸ்கூட்டர் பிறந்த ஊர் இது. விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ ஆலை போரில் சிதைந்தது. மக்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று என்ரிகோ பியாஜியோ, கொரதினோ தஸ்கானியோவிடம் வேலையை ஒப்படைத்தார். தஸ்கானியோ விமானப் பொறியாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. சங்கிலி எண்ணெய் உடையில் படும், டயர் மாற்றுவது பெரும் பாடு. ஆகவே சங்கிலியை ஒழித்து எஞ்சினைப் பின்சக்கரத்தோடு சேர்த்தார், கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார், முன்சக்கரத்தை விமானச் சக்கரம்போல ஒரே பக்கம் தாங்கவைத்தார். 1946 ஏப்ரலில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். வெஸ்பா என்றால் குளவி.

அந்தக் குளவிக்கு 1948இல் ஒரு தங்கை பிறந்தாள்: ‘ஆப்பே’, அதாவது தேனீ. ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு சரக்குப் பெட்டியும். பின்னாளில் பியாஜியோவின் உரிமம் பெற்று பஜாஜ் இந்தியாவில் தயாரித்த மூன்று சக்கர வண்டியின் மூதாதை இதுதான். நம் தெருமுனை ஆட்டோ நிறுத்தத்தின் குலமுதல்வியை இத்தாலியில் கும்பிட்டு வரலாம். உஃபிசியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட அம்மாகூட இங்கே ஒவ்வொரு வண்டியாக நின்று பார்ப்பார்.

இன்னொரு மோட்டார் சைக்கிள் கம்பெனியான மோட்டோ குட்ஸியை விட்டுவிட்டதாகக் கோபிப்பவர்கள் இருப்பார்கள். 1921இலிருந்து கோமோ ஏரிக்கரையில், மாண்டெல்லோ டெல் லாரியோவில் இருக்கிறது அந்த ஆலை. அருமையான ஊர். ஆனால் ஃபுளோரன்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வரும் இடமல்ல. மிலானில் தங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகும் வண்டிப் பிரியருக்கு போர்கோ பனிகாலே, சந்தேகமே வேண்டாம். கலையை விட மாட்டேன் என்பவருக்கு ஓபெரா டெல் துவோமோ. இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் காலை ரயிலில் பொண்டெடேரா. அங்கிருந்து பைசாவுக்கு அதே ரயில் பாதையில் கால் மணி நேரம்தான். மாலை வெயிலில் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். காகித டிக்கெட் வாங்கியிருந்தால் ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் எந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அபராதம்.