ஆறு கோரா, பன்னிரண்டா? லோ யாட் போகும் முன் படியுங்கள்

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குக் கணினி கட்டப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ஏஎம்டியின் பிராசசர்களில் ரைசன் 5 7600 போதுமா, ரைசன் 9 7900 வாங்கலாமா என்றுதான். முதலாவதில் 6 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). மற்றதில் அப்படியே இரண்டு மடங்கு.

கேம், அசைன்மென்ட், பிரவுசரில் இருபது டேப் என்றால் 7600 தாராளம், ஏனென்றால் பெரும்பாலான கேம்கள் சில கோர்களைத்தான் முழுதாக வேலை வாங்கும், மிச்சம் சும்மா கிடக்கும், 7900-க்குக் கூடுதலாகப் போகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். உச்ச வேகமும் 5.1, 5.4 கிகாஹெர்ட்ஸ்தான், பெரிய இடைவெளி இல்லை.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் தினமும் ரெண்டர் போட்டு, அதாவது காட்சிகளைப் படமாக்கிப் பிழைப்பவரா? 7900 எடுங்கள், தயங்கவே வேண்டாம். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோருக்கும் கொடுக்கலாம். ஆனால் எல்லா வேலையும் இப்படிப் பிரியாது. பாதி வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே எடுத்துக்காட்டிய வரம்பு இது.

இன்னும் முடிவு வரவில்லையா? சரி, இப்போது 7600 வாங்குங்கள். இரண்டும் ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்), 65 வாட் ரகம் என்பதால் பின்னால் அதே மதர்போர்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.