சூப்பர்வைசர் ட்ரைனிங்னு சொல்லி 1,27,440 ரூபா கறந்துட்டாங்க, ஹெச்ஆர்ல இருக்கறவங்க உஷார்

திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்ல ஹெச்ஆர் பாக்கறேன். ஏமாத்துனவங்க பேர் போடல, இன்னும் பணத்த திருப்பிக் கேட்டு மெயில் ஓடிட்டு இருக்கு.

எங்ககிட்ட 24 லைன் சூப்பர்வைசருங்க, முக்காவாசிப் பேர் டெய்லரா வந்து மேல வந்தவங்க. தைக்கச் சொன்னா கண்ண மூடிட்டு தைப்பாங்க, ஆனா ஒடிசால இருந்து புதுசா வந்த பொண்ணுக்கு ஃப்ளாட்லாக் தையல் மெஷின் கத்துக்குடுங்கன்னா ஒரு பீஸ் தச்சுக் காட்டிட்டு "பாத்துக்கோ, இவ்ளோதான்"னு போயிருவாங்க, அப்புறம் ஆல்ட்ரேஷன் (தப்பாத் தச்சுத் திரும்பி வர்ற பீஸ்) குவிஞ்சா திட்டு வாங்கறதும் அதே பொண்ணுதான். இதச் சரி பண்ணத்தான் ட்ரைனிங் தேடினோம்.

ஒரு ட்ரைனிங் கம்பெனில இருந்து டெமோவுக்கு வந்தவர் நரைச்ச தலை, ஃப்ளோர்ல ஒரு மணி நேரம் சுத்திட்டு நல்ல நல்ல கேள்வியா கேட்டாரு, எங்க முதலாளியே மயங்கிட்டாரு. தலைக்கு 4,500, ரெண்டு நாள், 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் 90 நாள் ஃபாலோஅப். டேட் ப்ளாக் பண்ணணும்னு முழுப் பணமும் முன்னாடியே வாங்கிட்டாங்க. குடுத்தது என் தப்பு.

ட்ரைனிங் அன்னிக்கு வந்தது கோட்டு போட்ட ஒரு சின்னப் பையன். "சார் ஃபாரின் போயிட்டாரு." ஓவர்லாக் மெஷினுக்கும் ஃப்ளாட்லாக்குக்கும் வித்தியாசம் தெரியல அவனுக்கு.

முதல் ஸ்லைடே, பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இது மெஹ்ராபியன்ங்கற உளவியல் பேராசிரியர் 1967ல பண்ணுன ஆராய்ச்சி, ஒருத்தர் பிடிச்சுப் பேசறாரா பிடிக்காம பேசறாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறோம்ங்கறதப் பத்தினது, எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. வார்த்தை வெறும் 7தான்னா எங்க ஒடிசா புள்ளைங்களுக்கு சூப்பர்வைசர் பேசற தமிழ் எப்பவோ புரிஞ்சிருக்கணுமே! அடுத்து படிச்சா 10, கேட்டா 20, செஞ்சா 90 சதவீதம் நிக்கும்னு ஒரு பிரமிடு. இதுக்கு மூலம்னு காட்டறது அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946ல வரைஞ்ச கூம்ப, ஆனா அதுல ஒரு நம்பர்கூட கிடையாது, பின்னாடி யாரோ ஒட்டுனது அது.

மிச்ச நேரமெல்லாம் பலூன் ஊதறது, பேப்பர்ல கோபுரம் கட்டறது, கடைசியா உடைஞ்ச கண்ணாடி மேல நடக்கறது. எங்க சூப்பர்வைசர் அக்கா ஒருத்தங்க கேட்டாங்க பாருங்க, "ஏனுங்க, கண்ணாடி மேல நடந்துட்டனுங்க, அந்தப் புள்ளைக்கு நெக் ரிப் வெக்கறத எப்படிச் சொல்லிக்குடுக்கறது?" பையன் சிரிச்சுட்டு கை தட்டச் சொன்னான்.

சாப்பாடு நல்லா இருந்துச்சு, அதனால ஃபீட்பேக் ஃபார்ம்ல எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. நானும் அத பெருமையா முதலாளிக்கு அனுப்பிட்டேன். ட்ரைனிங் பலிச்சுதான்னு அளக்க கிர்க்பேட்ரிக்ங்கற அமெரிக்கப் பேராசிரியர் 1959லயே நாலு படி சொல்லிட்டாரு, பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலைல செய்யறாங்களா, பலன் வந்துச்சான்னு. என் கைல இருந்தது முதல் படி மட்டும். எம்பிஏல இதுக்கு பத்து மார்க் பதில் எழுதுன ஆளு நான்.

90 நாள் ஃபாலோஅப்க்கு ஒரு போன்கூட வரல. சர்டிபிகேட்ல "இன்டர்நேஷனல்"னு போட்ட க்யூஆர் ஸ்கேன் பண்ணா பேஜே இல்ல. உச்சகட்டம் என்னன்னா, அவங்க விற்பனைக் கணக்கு காட்டற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்ல எங்க பில்லக் காட்டவே இல்ல, எங்க வரவுக் கணக்கான 2பில வரல, அதனால நாங்க குடுத்த ஜிஎஸ்டிய எங்க வரில கழிச்சுக்கற இன்புட் கிரெடிட் 19,440ம் தொங்குது. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க ஜிஎஸ்டி நம்பர போர்ட்டல்ல போட்டு ரிட்டர்ன் ஒழுங்கா ஃபைல் ஆகுதான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. க்ளாஸ் எடுக்கப்போறது யாருன்னு பேரோட ஆர்டர்ல எழுதி வாங்குங்க, பாதிப் பணத்த ஃபாலோஅப் முடியற வரைக்கும் பிடிச்சு வைங்க.

இப்ப சனிக்கிழமை அரை மணி நேரம் எங்க பழைய மாஸ்டரே எடுக்கறாரு. ரெண்டாம் உலகப்போர் டைம்ல அமெரிக்க ஃபேக்டரிகள்ல புது ஆளுங்களுக்கு வேலை கத்துக்குடுக்க வெச்சிருந்த நாலு ஸ்டெப்தான்: பயம் போக்கி உக்கார வை, துண்டு துண்டாப் பிரிச்சுக் காட்டு, அவங்களையே செஞ்சுக்கிட்டே சொல்லச் சொல்லு, அப்புறம் அடிக்கடி போய்ப் பாரு. போர் முடிஞ்சு ஜப்பானுக்குப் போயி அங்கயும் நல்லா வேரூன்றிடுச்சு. எங்களுக்குச் செலவு, டீயும் பன்னும்.

"லீடர்ஷிப் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்"னு யாராவது கொட்டேஷன் நீட்டுனா எனக்கு மெசேஜ் போடுங்க, அவங்க முதல் ஸ்லைடு என்னன்னு நானே சொல்றேன்.