ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இரண்டு தேர்வுகள்

ஏற்காட்டில் சில்வர் ஓக் மர நிழலில் நிற்கும் அரபிகா காப்பிச் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஆரஞ்சு நிறப் பொடி இருந்தால் அது இலைத்துரு என்ற பூஞ்சை நோய். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவும் பூஞ்சையின் வித்துகள்.

இங்கே இரண்டு தேர்வுகள், அதாவது தேர்ந்தெடுப்புகள், நடக்கின்றன. ஒன்று நாம் செய்வது: துருவைத் தாங்கும் செடியாகப் பார்த்து விதை எடுத்து நடுகிறோம். நோக்கம் உண்டு, வேகம் இல்லை. செடி காய்க்கவே மூன்று நான்கு வருடம் ஆகிவிடும்.

இன்னொன்று இயற்கை செய்வது. அதற்கு நோக்கமே கிடையாது. கோடிக்கணக்கான வித்துகளில் எங்கோ ஒன்றில் மரபணு தற்செயலாக மாறுகிறது. பாடப்புத்தகத்தில் சடுதிமாற்றம் என்று படித்திருப்போம். செடியை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துப் பூஞ்சை மாறுவதில்லை. இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலான மாற்றங்களால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் ஒன்றுமட்டும் எதிர்ப்புச் சக்தியுள்ள இலைக்குள் நுழைந்துவிட்டால், அப்புறம் தோட்டம் முழுக்க அதன் வாரிசுகள்தான். சில வாரங்களிலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும். துரு தாங்கும் என்று நம்பிப் பரப்பிய கென்ட்ஸ் என்ற அரபிகா ரகம் அப்படித்தான் பின்னாளில் தோற்றது.

சரி, எது பலமானது? வேகத்தில் பூஞ்சைதான் முன்னே நிற்கிறது. அதனால் ஒரே ரகத்தைத் தோட்டம் முழுக்க நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ரகங்களைக் கலந்து நட்டால், ஒரே ஒரு மாற்றத்தால் எல்லாச் செடியையும் பிடிப்பது அதற்குக் கஷ்டம்.