பழைய சவரக்கத்திக்கு எந்தப் பிடி: செலுலாயிட்டா, கொம்பா, மரமா?

வன்னியில் பழைய வீடுகளின் தகரப்பெட்டிகளிலிருந்தும், இடப்பெயர்வுக் காலத்தில் மண்ணில் புதைத்துப் பின்னர் தோண்டியெடுத்த சாமான்களுக்குள்ளிருந்தும் மடக்குச் சவரக்கத்திகள் இன்றும் கிடைக்கின்றன. அலகின் அடிப்பகுதியில் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெபீல்ட் என்றோ ஜேர்மனியின் சோலிங்கன் என்றோ ஊர்ப்பெயர் பொறித்திருக்கும். அதனுடன் நாட்டின் பெயரும் இருந்தால், இறக்குமதிப் பொருட்களில் உற்பத்தி நாட்டைக் குறிப்பிட வேண்டுமென 1890இல் அமெரிக்கா சட்டம் இயற்றிய பின்னர் செய்யப்பட்ட கத்தி அது என்று பெரும்பாலும் கருதலாம்.

அலகைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: கறளைக் கையாலேயே எடுக்க வேண்டும். மோட்டார்ச் சக்கரம் சில நிமிடங்களில் பளபளப்பைத் தந்தாலும், உட்குழிவாகத் தேய்த்த மெல்லிய அலகு நொடியில் சூடேறி, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைத் தாண்டியதும் உருக்கின் பதம் இறங்கிவிடும். நீலம் பாய்ந்த விளிம்பு அதன்பின் கூர் தாங்காது. வினாகிரியில் ஊறவைத்தால் கறள் கழன்றாலும் உருக்கு அரிக்கப்பட்டுச் சாம்பல் நிறமாகும். 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 2000 வரை படிப்படியாக நுண்மையாகும் அரத்தாளைத் தையல் மெசின் எண்ணெயுடன் நீளவாக்கில் தேய்ப்பதே பாதுகாப்பானது. அலகில் பொன்முலாம் பூசிய எழுத்து எஞ்சியிருந்தால் அந்த இடத்தைத் தொடக்கூடாது. கறள் அரித்த குழி வெட்டும் விளிம்புவரை இறங்கிய கத்தியை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான தெரிவு பிடியில்தான் இருக்கிறது. பூங்கொத்தும் கொடியும் அச்சில் வார்த்த அழகிய பிடிகளில் பெரும்பாலானவை செலுலாயிட்டால் ஆனவை. 1870ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வணிகப் பொருளாக வந்த இந்த ஆரம்பகாலப் பிளாஸ்டிக், நைத்திரோசெலுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. யானைத்தந்தம் போலவும் ஆமையோடு போலவும் செய்துவிடலாம் என்பதால் கத்திக்காரர்கள் அதை விரும்பினர். பிடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கொப்பியில் கோடு போட்டதுபோல நேரான கோடுகள் சம இடைவெளியில் ஓடினால் அது செலுலாயிட். தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில் தெரியும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்.

பழைமையைக் காக்க விரும்புவோர் செலுலாயிட்டை அப்படியே விடுவார்கள். நல்ல நிலையில் இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அது முதுமையில் அமில ஆவியை விடும் பொருள். வன்னியின் வெயிலில் தகரக்கூரையின் கீழே அந்தச் சிதைவு விரைவுபடும். பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சை படிந்து, காரமான நெடி வீசி, மடக்கிய அலகில் பிடி மூடியிருந்த பகுதி மட்டும் கறள் பிடித்திருந்தால், பிடி தன் அலகையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது இரண்டையும் பிரித்து, அலகைத் தனியே எண்ணெய் பூசி வைக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அந்தப் பிடியை அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது.

மாற்றுப் பிடிக்கு என் முதல் தெரிவு எருமைக்கொம்பு. பழைய கத்திகளிலும் அதுவே பரவலாக இருந்ததால் வரலாற்றுக்கும் பொருந்தும், ஈரக்கைக்கும் பிடிமானம் தரும். எருமைப்பட்டிகள் உள்ள ஊரில், தானாக இறந்த மாட்டின் கொம்பைக் கேட்டு வாங்கலாம். உள்ளிருக்கும் எலும்பை நீக்கி, நீளவாக்கில் அறுத்துக் கொதிநீரில் இளக்கி, இரண்டு பலகைகளுக்கிடையே இறுக்கி ஆறவிட்டால் தட்டையாகும். பல வாரம் உலர்ந்தபின்னரே மூன்று மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் பிடி முறுகிக்கொள்ளும். தேய்க்கும்போது முடி கருகும் நாற்றம் எழுவது இயல்பு. பூச்சி அரிப்பதும், காய்ந்தால் ஏடு ஏடாகப் பிரிவதும் அதன் குறைகள். இடைக்கிடை எண்ணெய் தடவினால் பிரிவதைத் தவிர்க்கலாம். பூச்சிக்கு அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே வழி.

மரத்தில் முதிரை கொம்புக்கு நெருங்கிய போட்டி. மஞ்சள் இழைகளில் ஒளி திரும்பும் அழகை வேறெந்த உள்ளூர் மரத்திலும் நான் காணவில்லை. காட்டில் வெட்ட வேண்டியதில்லை, உடைந்த பழைய யன்னல் நிலை ஒன்றே பல பிடிகளுக்குப் போதும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கொப்புளம் எழுப்பும் என்பதால் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மெல்லிய மரம் வளைந்து அலகில் உரசக்கூடும். உட்புறத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசினால் இது குறையும். பனைவைரத்தின் கருங்கோடுகள் பார்வைக்குக் கம்பீரமானவை, ஆனால் அவ்வளவு மெல்லிதாக அறுத்தால் நார் பிரிந்து விரலில் ஏறும். பசையை நன்கு ஊறவிடாமல் அதைப் பயன்படுத்த நான் பரிந்துரைக்கமாட்டேன்.

யானைத்தந்தத்தை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அதன் சர்வதேச வர்த்தகம் 1989இல் எட்டப்பட்ட முடிவின்படி தடைசெய்யப்பட்டது. யானைக்கும் மனிதருக்கும் இன்றும் மோதல் நடக்கும் நமது மண்ணில், ஒரு பிடிக்காகத் தந்தம் தேடுவதை எந்த அழகும் நியாயப்படுத்தாது.

எந்தப் பிடியானாலும் 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியால், இருபுறமும் சிறு வளையம் வைத்து, மெல்லிய சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டியே பொருத்த வேண்டும். ஒரே அடியில் தலையைப் பரப்ப முயன்றால் கொம்பு விரிசல் விடும், மரம் பிளக்கும்.